எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் 1976: சஸ்பென்ஷனுக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

ரப்பர்பம்பர்76 எழுதியது:

வணக்கம். லெஸ்டரில் இருக்கிறேன். 1976 வசந்தத்தில் பதிவான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை இரண்டு வருடமாக வீட்டு கராஜில் வைத்து இழைத்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அடியில் போகும் சில் பகுதியை இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங், பெயின்ட், பிரேக் எல்லாம் முடிந்தது. போன ஞாயிறு முதல் முறையாக ஐம்பது மைல் ஓட்டினேன், சந்தோஷம் பத்து மைலிலேயே போய்விட்டது. ரவுண்டானாவில் கார் தோணி மாதிரி சாய்கிறது. வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் தனியாக ஒரு குதி குதிக்கிறது. நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இரவெல்லாம் உட்கார்ந்து பார்ட்ஸ் பட்டியல் போட்டிருக்கிறேன். முன்னால் பழைய லிவர் ஆர்ம் ஷாக்கைத் (எண்ணெய்ப் பெட்டியும் ஒரு கையுமாக இருக்கும் அதிர்வு தாங்கி) தூக்கிவிட்டு காயில்ஓவர் கிட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வருவது), பின்னால் குழாய் வடிவ டெலஸ்கோபிக் ஷாக், எல்லா இடத்திலும் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ், உயரம் குறைக்கும் ஸ்பிரிங், பின்னால் லோயரிங் பிளாக். மொத்தம் நாலு இலக்கத்தில் வருகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கிரீஸ்கன் எழுதியது:

அமுக்காதீர்கள் தம்பி. முதலில் சில கேள்விகள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) எப்போது மாற்றியது? முன் ஷாக்கில் எண்ணெய் இருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், என்ன எண்? நாலு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். இது ஒன்றும் தெரியாமல் பார்ட்ஸ் வாங்குவது, ரத்தப் பரிசோதனை செய்யாமல் மருந்துக் கடைக்குப் போகிற மாதிரி.

நான் 1969 ஜிடி (கூரை மூடிய எம்.ஜி.பி.) வைத்திருக்கிறேன், இருபது வருடமாக. அந்தக் காரில் நான் செய்த சஸ்பென்ஷன் வேலைகளில் பாதி, அதற்கு முன் நானே செய்த தவறைத் திருத்தியதுதான்.

மலைப்பாதை எழுதியது:

கிரீஸ்கன் அண்ணன் வழக்கமான பாட்டைத் தொடங்கிவிட்டார். லிவர் ஆர்ம் 1950களின் சமாச்சாரம். நான் பக்ஸ்டனுக்கும் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் நடுவில் அந்த கேட் அண்ட் ஃபிடில் ரோட்டில் வாராவாரம் ஓட்டுகிறவன். காயில்ஓவர் போட்டதிலிருந்து கார் வேறு கார். வருடத்துக்கு மூன்று டிராக் டே (பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) போகிறேன், அங்கே லிவர் ஆர்ம் நாலாவது சுற்றிலேயே சூடாகித் தளர்ந்துவிடும். பணம் இருந்தால் போடுங்கள், பிறகு வருத்தப்பட மாட்டீர்கள்.

நாலுமணிக்காபி எழுதியது:

நான் சஸ்பென்ஷன் வேலையில்தான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் ஒரு விஷயம் மட்டும். சொல்ல ஆரம்பித்தால் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரவுண்டானாவில் சாய்கிறது என்பதற்கும் ஷாக்குக்கும் நீங்கள் நினைக்கிற சம்பந்தம் இல்லை. ரவுண்டானாவைச் சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கார் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங், ஆன்ட்டி ரோல் பார், காரின் எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இவைதான். ஷாக் என்பது அசைவு இருக்கும்போது மட்டும் வேலை செய்யும் சாமான். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சாய்வு சட்டென்று வருகிறதா மெதுவாக வருகிறதா, பள்ளத்தில் விழுந்த சக்கரம் ஒரே ஆட்டத்தில் அடங்குகிறதா மூன்று முறை ஆடுகிறதா, அது ஷாக்கின் கணக்கு. உலகத்திலேயே விலை உயர்ந்த டெலஸ்கோபிக்கைப் போட்டாலும், ஸ்பிரிங்கும் பாரும் பழையபடி இருந்தால் ரவுண்டானாவின் நடுவில் உங்கள் கார் அதே அளவுதான் சாய்ந்து நிற்கும். மலைப்பாதையின் காயில்ஓவர் கிட்டில் ஸ்பிரிங்கும் கடினமானது. கார் மாறியதற்கு அதுவும் காரணம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இப்போது உங்கள் கார். 1974 கடைசியில் அமெரிக்க பம்பர் உயர விதிக்காக ரப்பர் பம்பர் போட்டபோது காரை ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். தூக்கியது போதாதென்று, ரோட்ஸ்டரில் முன் ஆன்ட்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். எடை மேலே போயிற்று, சாய்வைத் தடுக்கிற கம்பியும் போயிற்று. எல்லோரும் திட்டிய பிறகு 1976 ஆகஸ்டில், அதாவது 1977 மாடலில், முன்னாலும் பின்னாலும் பார் போட்டுத் திருத்தினார்கள். உங்களுடையது 1976 வசந்தம். காருக்கு அடியில் படுத்து, கிராஸ்மெம்பருக்கு (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) முன்னால் குறுக்கே ஒரு கம்பி போகிறதா பாருங்கள். இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

ரப்பர்பம்பர்76 எழுதியது:

இல்லை! இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், அப்படி ஒரு கம்பியே இல்லை. இரண்டு வருடம் அதற்கு அடியில் படுத்திருக்கிறேன், இல்லாத ஒன்றை எப்படிக் கவனிப்பது.

கிரீஸ்கன் அண்ணே, அளவு இதோ. முன் இடது 15 அங்குலம், முன் வலது 14½. பின் இடது 14¾, பின் வலது 14 தான். டயரில் 3109 என்று இருக்கிறது.

கிரீஸ்கன் எழுதியது:

3109 என்றால் 2009ஆம் வருடம் 31ஆவது வாரம். கோடு இன்னும் ஆழமாகத்தான் இருக்கும், அதனால்தான் யாரும் மாற்றவில்லை. ஆனால் அந்த ரப்பர் மரக்கட்டை ஆகியிருக்கும். ஸ்டீயரிங் அலைவதில் பாதி அங்கேதான். முதல் செலவு டயர், இதில் பேச்சே இல்லை. இந்தக் காருக்குப் பழைய அளவு 165 அகலம், 14 அங்குல ரிம். அகலமாகப் போட வேண்டும் என்று கை அரிக்கும். 185 போட்டு, பின்னால் இரண்டு பேர் கனத்துக்கு சாமான் ஏற்றினால் மட்கார்டு உள்விளிம்பில் உரசுகிற கார்கள் உண்டு. ஸ்டீயரிங்கும் கனக்கும்.

பின் வலது முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. இங்கிலாந்துக் கார்களில் டிரைவர் பக்கம் இறங்குவது சகஜம், ஒரே ஆள் தனியாகவே ஐம்பது வருடம் ஓட்டியிருக்கிறார் இல்லையா. லீஃப் ஸ்பிரிங் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சாய்வு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான். உயரம் குறைக்க ஆசை என்றால், குரோம் பம்பர் கார் உயரத்துக்கே வளைவு கொடுத்த லீஃப் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். லோயரிங் பிளாக் வேண்டாம். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்தால் ஆக்ஸில் முறுக்குவதற்கு நெம்புகோல் நீளமாகிறது. முதல் கியரில் அழுத்தினால் பின்பக்கம் தடதடக்கும்.

வல்லைவெளி எழுதியது:

வணக்கம் தம்பி. ஹரோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். எங்கட பெரியப்பா அங்கே மொரிஸ் மைனர் வைத்திருந்தவர். அதிலும் முன்னுக்கு இந்த லிவர் ஆர்ம் ஷொக்தான், சக்கரத்தைப் பிடிக்கிற மேல் கையும் அதுவேதான். பெரியப்பா செய்த பராமரிப்பு என்னவென்றால், மாதத்துக்கு ஒருக்கால் மூடியைக் கழற்றி எண்ணெய் பார்ப்பார். அவ்வளவுதான். நான் லண்டன் வந்து எம்.ஜி.பி. வாங்கின பிறகு மெக்கானிக் ஒருவரிடம் எண்ணெய் பார்த்தீர்களா என்று கேட்டேன், அதற்குள் எண்ணெய் இருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்டார்.

இன்னொன்று. 2018 மே மாதத்தில் இருந்து நாற்பது வயது தாண்டின கார்களுக்கு எம்.ஓ.டி. (வருடாந்தர வாகனப் பரிசோதனை) விலக்கு இருக்கிறது, ஆனால் கடந்த முப்பது வருடத்துக்குள் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சஸ்பென்ஷனின் வகையை மாற்றுவதும் அந்தப் பெரிய மாற்றத்தின் கீழ் வருகுது. பாதுகாப்பைக் கூட்டுகிற மாற்றம், அந்தக் கார் உற்பத்தியில் இருந்த காலத்திலோ அது நின்று பத்து வருடத்துக்குள்ளோ வழக்கத்தில் இருந்த மாற்றம், இவற்றுக்குச் சலுகை உண்டு. காயில்ஓவர் போடுவதென்றால் முதலில் அந்த வழிகாட்டியை ஒருக்கால் வாசியுங்கோ. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்ல வேணும். நான் விலக்கு இருந்தும் வருடம் ஒருமுறை காசு கட்டி எம்.ஓ.டி. செய்விக்கிறேன், இன்னொருவர் கண் படட்டும் என்று.

மலைப்பாதை எழுதியது:

நாலுமணிக்காபி, பிடித்துவிட்டீர்கள். ஆமாம், என் கிட்டில் ஸ்பிரிங் கடினம். ஆனால் சூடாகிற விஷயம் பொய் இல்லையே?

நாலுமணிக்காபி எழுதியது:

பொய் இல்லை. லிவர் ஆர்முக்குள் பிஸ்டன் நகர்கிற தூரம் மிகக் குறைவு, அதனால் அதே வேலைக்கு உள்ளே அழுத்தம் ரொம்ப அதிகம். எண்ணெயும் கொஞ்சம்தான். துளி காற்று புகுந்தாலும், ஷாஃப்ட் புஷ் தேய்ந்து துளி கசிந்தாலும் பாதி பலம் போய்விடும். டெலஸ்கோபிக்கில் தூரம் அதிகம், அழுத்தம் குறைவு, சூட்டைத் தாங்கும், தேய்ந்தால் தூக்கி எறிந்து புதிது போடலாம். இது உண்மையான லாபம். டிராக்கில் ஓட்டுகிறவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஞாயிறு காலை ஐம்பது மைல் ஓட்டுகிற காருக்கு, நன்றாக ரீபில்டு செய்த லிவர் ஆர்ம் போதும்.

பின்பக்கம் டெலஸ்கோபிக் போடுகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. மேல் பிராக்கெட்டைப் பழைய ஷாக் இருந்த இரண்டு போல்ட் துளைகளில்தான் மாட்டுவார்கள். காரை இறக்கிவிட்டு, கிட்டில் வந்த நீளமான ஷாக்கைப் போட்டால், பள்ளத்தில் பம்ப் ரப்பர் (ஆக்ஸில் பாடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) தொடுவதற்கு முன்னால் ஷாக்கே முட்டிவிடும். அந்த அடி முழுவதும் பிராக்கெட் வழியாக பாடிக்குப் போகும். முழுவதும் அமுங்கியபோது ஷாக்கில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று அளக்காமல் மாட்டாதீர்கள்.

ரப்பர்பம்பர்76 எழுதியது:

சரி, காயில்ஓவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மலைப்பாதை மன்னிக்கவும். ஆனால் பாலி புஷ் எல்லா இடத்திலும் போடலாம் அல்லவா? சிவப்பு நிறத்தில் அழகாக இருக்கிறது.

கிரீஸ்கன் எழுதியது:

அழகுக்கு என்றால் போடுங்கள், காரைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

இடம் பார்த்துப் போட வேண்டும். முன் கீழ் விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் கை) உள்பக்கத்தில் பழைய இரண்டு துண்டு ரப்பர் ஒரு வருடத்தில் நசுங்கிவிடும். அங்கே எம்.ஜி.பி. ஜிடி வி8 காருக்கு வந்த, நடுவில் எஃகுக் குழாய் வைத்த ஒரே துண்டு ரப்பர் புஷ் போடுங்கள். விலை குறைவு, வித்தியாசம் கையில் தெரியும், சத்தம் கிடையாது. அந்த நட்டை மட்டும் கார் தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். நானே அப்படி ஒரு ஜோடியை ஆறே மாதத்தில் கிழித்திருக்கிறேன்.

பின் லீஃபின் முன் கண்ணில் (முன் நுனியில் உள்ள வளையத்தில்) பாலி வேண்டாம் என்பது என் கட்சி. கார் சாயும்போது ஆக்ஸிலோடு சேர்ந்து லீஃபும் கொஞ்சம் திருக வேண்டும், ரப்பர் அதற்கு வளைந்துகொடுக்கும், பாலி கொடுக்காது. லீஃபின் பின் நுனியைத் தாங்கும் ஷாக்கிள் பக்கமும் ஆன்ட்டி ரோல் பார் கிளாம்ப்பும் பாலி போட நல்ல இடங்கள். சிலிக்கான் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள், இல்லையென்றால் கட்டில் மாதிரி கிறீச்சிடும்.

நாலுமணிக்காபி எழுதியது:

பார் வாங்கும்போது இருப்பதிலேயே தடிமனானதைத் தேடாதீர்கள். முன்னால் அளவுக்கு மீறித் தடித்தால் சாய்வு நிற்கும், ஆனால் மூக்கு திரும்பாது, நேராகவே போகப் பார்க்கும். முதலில் முன்பக்கம் மட்டும் நடுத்தரமாக ஒன்று. பின் பார் பிறகு, தேவைப்பட்டால். விஷ்போனில் லிங்க் பிடிக்கிற இடம் உங்கள் காரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த விஷ்போன் கையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

முன் உயரத்துக்குச் சிலர் குரோம் பம்பர் கிராஸ்மெம்பரையே மாற்றுவார்கள். ஸ்டீயரிங் ரேக் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் தண்டின் கோணம் வரை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பெயின்ட் முடிந்த காரில் அதைத் தொடாதீர்கள். ஒரு அங்குலம் குட்டையான ஸ்பிரிங் போதும்.

கிரீஸ்கன் எழுதியது:

முன் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இந்தக் காரில் ஷாக்கின் கைதான் மேல் விஷ்போன். அந்தக் கையின் நுனியில் இருக்கும் ட்ரனியன் போல்ட்டை உருவினீர்கள் என்றால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. டிராலி ஜாக்கை ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்க வேண்டும், ஆக்ஸில் ஸ்டாண்டு பாடிக்குத் தனியாக. அப்புறம் தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் மூலைக்கு மூலையாக இரண்டை எடுத்துவிட்டு, அங்கே நீளமான ஸ்டட் போட்டு, மிச்சத்தைக் கழற்றி, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தட்டு இறங்க இறங்க ஸ்பிரிங் தளர்ந்து கையால் எடுக்கிற மாதிரி வரும். அவசரப்பட்டு நெம்புகோலால் தட்டிவிட்ட ஒருவரின் கராஜ் கதவில் இன்னும் பள்ளம் இருக்கிறது. அது யார் கராஜ் என்று கேட்காதீர்கள்.

லீஃபின் முன் கண் போல்ட்டும் உள் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். ஒரு வாரம் முன்னாலிருந்தே எண்ணெய் விட்டு வையுங்கள். வரவில்லை என்றால் அறுப்பதுதான் வழி, புது போல்ட் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ரப்பர்பம்பர்76 எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

டயர் மாற்றினேன். அன்றே ஸ்டீயரிங் அலைவது பாதி குறைந்தது. முன் சக்கர இணைப்புகளுக்கு கிரீஸ் ஏற்றும் நிப்பிள் பக்கத்துக்கு மூன்று, அதில் வலது பக்கம் நடுவில் இருந்தது பெயின்ட் பூசி அடைத்துக் கிடந்தது. பூசியவன் நான்தான். சக்கரத்தைத் தூக்கிவைத்து கிரீஸ் அடித்தபோது கறுப்பாக, மணல் மாதிரி ஏதோ வந்தது, அப்புறம்தான் சுத்தமான கிரீஸ் வந்தது.

லீஃப் இரண்டும் மாற்றியாயிற்று. கண் போல்ட் இடது பக்கம் சிரித்துக்கொண்டே வந்தது. வலதுக்கு நாலு பிளேடு, ஒரு சனிக்கிழமை முழுவதும். பின் ஷாக்கின் லிங்க்கைக் கழற்றிக் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். இடது பக்கம் தேனுக்குள் கரண்டி விட்ட மாதிரி சீரான பிடிப்பு. வலது பக்கம் பாதி தூரம் வரை ஒன்றுமே இல்லை, சும்மா தொங்குகிறது. இத்தனைக்கும் அது ரீபில்டு செய்து வந்தது. பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் காசு கொடுத்து அனுப்பி வாங்கியது, கறுப்பு பெயின்ட் மட்டும் புதிது. மூடியைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் அடியில் கொஞ்சம். நிரப்பி, கையை ஆட்டி ஆட்டிக் காற்றை எடுத்தேன். இரண்டு நாளில் ஷாஃப்ட் வழியாகக் கசிந்துவிட்டது. வளைவில் குதித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

முன் பாரும், வி8 புஷ்ஷும், குட்டை ஸ்பிரிங்கும் போட்டேன். ஸ்பிரிங் இறக்கும்போது கைநடுக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. அலைன்மென்ட் பார்க்கக் கொடுத்த இடத்தில் அந்தப் பையனுக்கு முன் சக்கரங்கள் உள்நோக்கி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று எழுதியே கொடுக்க வேண்டியிருந்தது, அவன் கம்ப்யூட்டரில் எம்.ஜி.பி. இல்லை.

நேற்று அதே ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினேன். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். சாய்கிறது, ஆனால் ஒரு அளவோடு சாய்ந்து அங்கேயே நிற்கிறது.

வல்லைவெளி எழுதியது:

சந்தோஷம் தம்பி. வேகத்தடை ஹம்ப் ஏறும்போது எக்ஸோஸ்ட் தட்டுதோ பாருங்கோ, இறக்கின காரில் அதுதான் முதலில் அடிபடும். எங்கட தெருவில் எட்டு ஹம்ப், நான் ஒவ்வொன்றையும் கோணலாகத்தான் ஏறுவேன்.

ரப்பர்பம்பர்76 எழுதியது:

ஏற்கனவே தட்டியாயிற்று அண்ணை. மகள் பள்ளிக்கூட வாசலில், எல்லோர் முன்னாலும்.

இப்போது பாக்கி அந்த வலது பின் ஷாக் மட்டும். மறுபடியும் ரீபில்டுக்கு அனுப்புவதா, பின்பக்கம் மட்டும் டெலஸ்கோபிக் போட்டுவிடுவதா?

நாலுமணிக்காபி எழுதியது:

பின்னால் டெலஸ்கோபிக் என்றால் நான் தடுக்க மாட்டேன், நீளத்தை மட்டும் அளந்து வாங்குங்கள். ஷாக்கின் கடினத்தை மாற்ற முடிந்தால், குறைவான அமைப்பில் வைத்துத் தொடங்குங்கள். கடினமாக வைத்தால் லீஃபுக்கு வேலையே இருக்காது, ஆக்ஸில் துள்ளும்.

மலைப்பாதை எழுதியது:

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. காயில்ஓவரோடு பின்பக்கமும் மாற்றியபோது கழற்றிய லிவர் ஆர்ம் நாலும் மாடியில் பழைய போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். பின் ஜோடி கழற்றிய அன்று நன்றாகத்தான் இருந்தது, கசிவு கிடையாது. விற்க மனம் வரவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள். காசு வேண்டாம், லெஸ்டர் பக்கம் அடுத்த மாதம் வருகிறேன். காபி மட்டும் போட்டு வையுங்கள்.

கிரீஸ்கன் எழுதியது:

1950களின் சமாச்சாரத்தைப் போர்வையில் சுற்றி வைத்திருக்கிறாராம்.

மலைப்பாதை எழுதியது:

அண்ணே, முன் ஜோடியைத் தர மாட்டேன். அது என்னிடமே இருக்கட்டும்.